பெனல்டி கோர்னரில் கோல் வாங்குவது கூடிவிட்டது, கோல் கீப்பரை மாற்றலாமா?

கேள்வி கேட்ட தம்பி திருகோணமலையில் ஒரு கழக ஹொக்கி அணிக்கு உதவிப் பயிற்றுவிப்பாளராக இருக்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். போன பருவத்தில் 14 ஆட்டங்களில் எதிரணிகளுக்கு 26 பெனல்டி கோர்னர் (தடுக்கிற அணி செய்த தவறுக்காக, அதன் கோலுக்குக் கிட்ட எதிரணிக்குக் கொடுக்கிற தாக்குதல் வாய்ப்பு) கிடைத்தது, அதில் 4 மட்டுமே கோலானது. இந்தப் பருவத்தில் 8 ஆட்டம்தான் முடிந்திருக்கிறது. அதற்குள் 19 கோர்னர், 7 கோல். பச்சை அட்டையும் முன்னையைவிடக் கூட வாங்குகிறார்கள். டொரொன்டோவில் இருக்கும் அவருடைய அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, “உங்கட டீமின்ட பெனல்டி கில்லிங் விழுந்துபோச்சு” என்றாராம். முன்பு நின்ற கோல் கீப்பர் படிக்கப் போய்விட்டார். இப்போது நிற்பவர் 19 வயதுப் பொடியன். ஏன் இந்தச் சரிவு என்று தம்பி கேட்டிருந்தாலும், உண்மையான கேள்வி அவருடைய கடைசி வரியில்தான் இருக்கிறது: பொடியனை மாற்றச் சொல்லி நிர்வாகம் நெருக்குகிறது, மாற்றுவதா?

மாற்ற வேண்டாம். இந்தக் கணக்கை வைத்து மட்டும் மாற்றவே வேண்டாம். நான் பன்னிரண்டு வருஷம் ஃபுல் பேக்காக விளையாடினேன், அதில் பெரும்பகுதி கோர்னர் தடுப்பில் கோல் வாசலிலிருந்து ஷொட் எடுப்பவரை நோக்கி முதலாவதாக ஓடுகிற ரன்னர் நான்தான். பிறகு இங்கேயே பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கழகங்களுக்கும் பயிற்சி கொடுத்து வருகிறேன். உங்கள் ஆட்டம் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. ஆகையால் உங்கள் கோல் கீப்பரின் கால் அசைவு எப்படி, கை எப்படி என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வசனங்கள் என்னைப் பிடித்து நிறுத்தின. ஒன்று, “முதல் ரன்னராக ஓடியவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார்.” மற்றது, “இந்த முறை 8 ஆட்டத்தில் 5 கொழும்பில், செயற்கைப் புல்லில்.” நிர்வாகத்தோடு கதைக்கும்போது இந்த இரண்டையும்தான் நீங்கள் முதலில் மேசையில் வைத்திருக்க வேண்டும்.

அதற்கு முன் அண்ணன் சொன்ன சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். பெனல்டி கில்லிங் என்பது ஐஸ் ஹொக்கிப் பேச்சு, ஆள் குறைந்து நிற்கும் நேரத்தில் கோல் வாங்காமல் தாக்குப்பிடிப்பது. அங்கே சிறிய தவறு செய்தவர் 2 நிமிடம் வெளியே இருக்க வேண்டும். ஐந்து பேர் சறுக்கி ஆடும் இடத்தில் நான்கு பேர் ஆடுவார்கள், எதிரணி ஒரு கோல் போட்டவுடன் அந்தத் தண்டனை முடிந்துவிடும். ஆள் குறைந்த அணி வட்டை எதிர்முனை வரை அடித்துத் தள்ளி மூச்சு வாங்கவும் முடியும். எங்கள் ஹொக்கியில் அதற்குக் கிட்ட வருவது அட்டைகள்தான். சர்வதேசப் போட்டி விதிப்படி பச்சைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம், சிவப்பென்றால் ஆட்டம் முழுவதும் வெளியே. இங்கே கோல் வாங்கினாலும் ஆள் திரும்பி வரமாட்டார், நேரம் முடிய வேண்டும். பெனல்டி கோர்னர் வேறு சங்கதி. தடுக்கிற அணியில் கோல் கோட்டுக்குப் பின்னால் கோல் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் நிற்கலாம். மிச்சப் பேர் எல்லாரும் நடுக்கோட்டுக்கு அப்பால், 45.70 மீற்றர் தூரத்தில் நின்று, பந்து தள்ளப்பட்ட பிறகுதான் ஓடி வர வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விரிக்கிறேன் என்றால், பச்சை அட்டை கூடியதால்தான் கோர்னரில் கோல் கூடியது என்று நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் கோத்திருக்கிறீர்கள். அப்படி நேரடித் தொடர்பு இல்லை. ஒருவர் வெளியே இருந்தாலும் கோட்டுக்குப் பின்னால் ஐந்து பேரை நிறுத்தலாம். குறைவது நடுக்கோட்டுக்கு அப்பால் நிற்கும் கூட்டத்தில்தான். அட்டை வாங்கியவர் அந்த ஐவரில் ஒருவராக இருந்தால் மட்டும் கோர்னர் தடுப்பு அடிவாங்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா ஆடிய கால் இறுதியை நினைத்துப் பாருங்கள். பிரித்தானியாவுக்கு எதிராக 17ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டையோடு போனார். இந்தியாவின் முதல் ரன்னரே அவர்தான். மிச்ச நேரம் முழுவதும் பத்துப் பேரோடு ஆடி, 1-1 என்று முடித்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றார்கள். கோலில் நின்ற ஸ்ரீஜேஷைத்தான் எல்லாரும் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான். என் கண் போனதோ ரோஹிதாஸுடைய இடத்தில் ஓடிய காலுக்கு. தயங்காத கால் அது, பயிற்சியில் அதே ஓட்டத்தை முன்பே பலமுறை ஓடிய கால். அடுத்த ஆட்டத்தில் ரோஹிதாஸுக்குத் தடை. ஜெர்மனி 3-2 என்று வென்றது, அதில் ஒரு கோல் கொன்சாலோ பெயியாட் கோர்னரில் போட்டது. ஒரு ஆட்டம் ஒரு பக்கம் காட்டுகிறது, மற்றது மறுபக்கம் காட்டுகிறது. ஆகவே ஒற்றை ஆட்டத்தை வைத்து முதல் ரன்னரின் பெறுமதியை நிறுவ நான் வரவில்லை. இரண்டாவது ஆளைத் தயாராக வைத்திருந்த அணி அது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் எண்கள். 26இல் 4 என்றால் நூற்றுக்கு 15 அளவு. 19இல் 7 என்றால் 37 அளவு. பார்த்தவுடன் நெஞ்சு திடுக்கிடும்தான். ஆனால் இந்த முறை இரண்டு பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிருந்தால் 19இல் 5, அதாவது 26 வீதம். போன முறை கம்பத்தில் பட்ட இரண்டு பந்து உள்ளே விழுந்திருந்தால் 26இல் 6, அதாவது 23 வீதம். நாலே நாலு பந்து, ஒரு அங்குலம் அங்கும் இங்கும் போயிருந்தால் சரிவு என்ற பேச்சே எழுந்திராது. ஆகையால் சரிவு உண்மையா, அல்லது போன வருஷம் அதிர்ஷ்டம் கொஞ்சம் கூடவும் இந்த வருஷம் கொஞ்சம் குறைவாகவும் இருந்ததா என்பதை 19 கோர்னரை வைத்து அறுதியிட முடியாது. ஒரு 19 வயதுப் பிள்ளையின் இடத்தைப் பறிக்க இந்தக் கணக்குப் போதாது. அதே வேளை, எல்லாம் அதிர்ஷ்டம் என்று கைவிடவும் எனக்கு மனமில்லை, ஏனென்றால் நீங்கள் சொன்ன இரண்டு மாற்றங்களும் கோர்னரின் அடிமடியிலேயே கைவைப்பவை.

முதலில் தரை. திருகோணமலையில் நாங்கள் விளையாடி வளர்ந்தது கிரவலும் மணலும் காய்ந்த புல்லும் கலந்த தரையில். மே மாதம் கச்சான் தொடங்கினால் புல் கருகி, தரை சட்டிபோலக் காயும். விடியற்காலையில் மான்கள் மேய்ந்துவிட்டுப் போன குளம்புத் தடங்கள் அப்படியே இறுகிக் கிடக்கும். வாடைக்கு மழை பெய்தால் அதே இடம் சேறு. இப்படிப்பட்ட தரையில் கோர்னர் எடுக்கிற அணிக்குப் பெரிய எதிரி தரைதான். பின்கோட்டில், கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீற்றர் தள்ளி ஒருவர் பந்தைத் தள்ள வேண்டும். அது கோலுக்கு முன்னால் கீறியிருக்கிற டி வட்டத்துக்கு வெளியே போக வேண்டும். வட்டத்தின் விளிம்பு கோலிலிருந்து 14.63 மீற்றர். அங்கே ஒருவர் ஸ்டிக்கைப் படுக்கவைத்துப் பந்தை நிறுத்த வேண்டும். கிரவலில் பந்து துள்ளித் துள்ளி வரும். நிறுத்துபவர் மூன்றுக்கு ஒன்று தவறவிடுவார், அல்லது பந்து ஸ்டிக்கில் பட்டு அரை மீற்றர் ஓடும். அந்த அரை மீற்றரில் ரன்னர் வந்து சேர்ந்துவிடுவார். ஒழுங்காக நின்றாலும், தரை ஒத்துழைக்காததால் ட்ரேக் ஃப்ளிக் (பந்தை ஸ்டிக்கால் இழுத்துவந்து சுண்டி எறிவது) எடுக்கிறவர்கள் குறைவு. அடிதான் அடிப்பார்கள். முதல் ஷொட் அடியாக இருந்தால் கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீற்றருக்கு மேலே போகக்கூடாது, பின்பலகை உயரம்தான் எல்லை. அதனால் எங்கள் பக்கக் கோல் கீப்பர்கள் எல்லாரும் ஒரே வித்தையைக் கற்றுக்கொண்டார்கள்: பந்து நின்றவுடன் பக்கவாட்டில் நீட்டிப் படுத்துவிடுவது. கோலின் அகலம் 3.66 மீற்றர். காலில் பாட் (தடித்த காற்கவசம்) கட்டின ஆள் ஸ்டிக்கையும் நீட்டிப் படுத்தால் கீழ்ப்பக்கத்தின் பெரும்பகுதி அடைபட்டுப் போகும்.

செயற்கைப் புல்லில் இந்த வித்தை அப்படியே தலைகீழாகும். பந்து சறுக்கிக்கொண்டு கோடு கீறினாற்போல் வரும், நிறுத்துபவர் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துவார். ட்ரேக் ஃப்ளிக்குக்கு 460 மில்லிமீற்றர் எல்லை இல்லை. ஆபத்தில்லாத வரை 2.14 மீற்றர் உயரத்துக்கும் தூக்கலாம். உலகத் தரத்தில் ஃப்ளிக்கின் வேகம் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டும், அரை விநாடியில் பந்து கோலில் இருக்கும். எங்கள் நாட்டுக் கழகப் பிள்ளை அதில் முக்கால்வாசி வேகத்தில் விட்டாலும் முக்கால் விநாடிதான். கீழே படுத்திருக்கிற கோல் கீப்பருக்கு மேலே முழு வாசலும் திறந்து கிடக்கும். போன வருஷம் நின்றவரும் இதே மண்ணில் பழகியவர்தானே. அவரை இந்த 5 ஆட்டத்திலும் நிறுத்தியிருந்தால் எத்தனை கோல் வாங்கியிருப்பார் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். 7 கோலில் எத்தனை கொழும்பில் விழுந்தன, எத்தனை இங்கே விழுந்தன என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பிரித்து எழுதிப் பாருங்கள். கோர்னர்களையும் அப்படியே பிரியுங்கள். மூன்று உள்ளூர் ஆட்டங்களில் ஒன்றோ இரண்டோதான் வாங்கியிருந்தால், சரிந்தது உங்கள் தடுப்பு இல்லை. மண் தரைக்கென்று செய்த தடுப்பை வேறு தரைக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது முதல் ரன்னர். கட்டாருக்குப் போன அந்தத் தம்பியைப் பற்றி நீங்கள் அரை வரிதான் எழுதினீர்கள், கோல் கீப்பரைப் பற்றி இரண்டு பந்தி. எல்லா ஊரிலும் இப்படித்தான். கோல் விழுந்த இடத்தில் நிற்பவரைத்தான் கண் பிடிக்கும். ரன்னர் செய்கிற வேலையை ஒரு டோர்ச் லைட்டை வைத்து விளங்கப்படுத்துகிறேன், பிள்ளைகளுக்கும் இப்படித்தான் காட்டுவேன். பந்து இருக்கிற இடத்தில் டோர்ச்சை வைத்துக் கோலை நோக்கி அடித்தால், இடையில் நிற்கிற ஆளின் நிழல் கோல் கோட்டில் விழும். அந்த நிழலுக்குள் தரையோடு வருகிற பந்து போகாது. ஆளும் ஸ்டிக்கும் சேர்ந்து 1 மீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பந்து கோலிலிருந்து 15 மீற்றரில் இருக்கிறது. ரன்னர் பந்துக்கு 3 மீற்றர் கிட்ட வந்துவிட்டால் நிழல் 5 மீற்றர் அகலம், கோலே 3.66 மீற்றர்தான். 7 மீற்றரில் நின்றால் நிழல் 2 மீற்றர் சொச்சம். 10 மீற்றரில் நின்றால் ஒன்றரை. பந்து தள்ளப்பட்டு, நின்று, ஃப்ளிக் கிளம்ப ஏறக்குறைய 2 விநாடி எடுக்கும். அந்த 2 விநாடியில் ஒரு ரன்னர் 10 மீற்றர் ஓடுகிறார், இன்னொருவர் 8 மீற்றர் ஓடுகிறார் என்றால் உங்கள் கோல் கீப்பருக்கு அவை இரண்டும் இரண்டு வேறு உலகங்கள்.

வேகம் மட்டும் போதாது, கோடும் வேண்டும். ரன்னர் பந்தைத் தன் வலப்பக்கம், ஸ்டிக்கின் தட்டைப் பக்கம் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். உடம்பைப் பந்தின் நேர்கோட்டில் கொண்டுபோகக் கூடாது. ஷொட்டுக்குள் உடம்பைக் கொடுத்தால், ஸ்டிக்கால் விளையாட முயலாமல் ஷொட் எடுப்பவர் மீது மோதினால், ஆபத்தான ஆட்டம் என்று மத்தியஸ்தர் ஊதுவார். 5 மீற்றருக்குள் வந்துவிட்ட ரன்னரின் முழங்காலுக்குக் கீழே முதல் ஷொட் பட்டால் இன்னொரு கோர்னர். சாதாரணமாக நிற்கும் நிலையில் முழங்காலிலோ மேலேயோ பட்டால் எங்களுக்கு ஃப்ரீ ஹிட். பந்து தள்ளப்பட முன் கோட்டைத் தாண்டிவிட்டாலோ, அந்த ரன்னர் நடுக்கோட்டுக்கு அப்பால் போக வேண்டும், அவருக்குப் பதில் ஆள் வர முடியாது, நான்கு பேரோடுதான் தடுக்க வேண்டும். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு, 160 கிராம் கட்டிப் பந்தைச் சுழற்றப்போகிற ஒருவரை நோக்கி நேரே ஓட வேண்டும். இதைப் பழகிய காலுக்கும் பழகாத காலுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கண்ணால் பார்க்கிற ஒரு வழி இருக்கிறது. கோல் வாசலிலிருந்து வட்டத்தின் உச்சி வரை இரண்டு மீற்றர் அகலத்துக்குத் தரையைக் கூட்டி, கோடு போடுகிற சுண்ணாம்பை மெல்லிசாகத் தூவிவிடுவேன். ரன்னர் ஓடி முடிந்ததும் எல்லாரையும் கூப்பிட்டுக் காலடிகளைப் பார்க்கச் சொல்வேன். பழகியவரின் தடம் நூல் பிடித்தது போல இருக்கும், கடைசி இரண்டு அடி மட்டும் குறுகிக் குந்தும். பயப்படுகிறவரின் தடம் ஏழாவது எட்டாவது மீற்றரில் இடப்பக்கம் வளையத் தொடங்கும். குதிக்கால் பதிந்திருக்கும், அதாவது அங்கே பிரேக் போட்டிருக்கிறார். அந்தப் பிள்ளையைக் கேட்டால் “நான் நேராத்தான் ஓடினேன் சேர்” என்று சத்தியம் பண்ணுவார். பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது.

எனக்கும் அது நடந்தது. இருபத்தாறு வயதில் ஒரு ஆட்டத்தில் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே பந்து பட்டது. மூன்று கிழமை நடக்க முடியவில்லை. திரும்பி வந்த பிறகு ஒரு பருவம் முழுவதும் நான் வளைந்துதான் ஓடினேன். அந்தப் பருவத்தில் கோர்னர் கோல்கள் கூடின. எங்கள் கோல் கீப்பரை இரண்டு ஆட்டம் வெளியே உட்காரவைத்தார்கள். என் கால் வளைந்ததற்கு அவன் உட்கார்ந்தான். அன்றைக்கு அதை எழுந்து சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை, இன்றைக்குத் தெரியும் என்பதால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்கள் புதிய ரன்னரிடம் முகக் கவசமும் முழங்கால் கவசமும் தடித்த கையுறையும் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை முதலில் வாங்குங்கள். கோல் கீப்பரை மாற்றுவது பற்றிக் கூடுகிற நிர்வாகக் கூட்டத்தில் இதற்கான பணத்தைக் கேளுங்கள். கவசம் போட்ட பிள்ளை அன்றைக்கே நேராக ஓடிவிடும் என்று சொல்லமாட்டேன். கவசம் இல்லாத பிள்ளையை நேராக ஓடு என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன முறை ஆட்டத்துக்கு இரண்டுக்கும் குறைவான கோர்னர் கொடுத்தீர்கள், இந்த முறை 2.4 அளவு. எந்தக் கோல் கீப்பராக இருந்தாலும், கூடக் கொடுத்தால் கூட வாங்க வேண்டியதுதான். செயற்கைப் புல்லில் அனுபவப்பட்ட தாக்குதல்காரர்கள் வட்டத்துக்குள் வந்ததும் கோலைத் தேடமாட்டார்கள், உங்கள் காலைத் தேடுவார்கள். பந்தை வேகமாகத் தள்ளிக் காலில் படவைத்தால் கோர்னர். மண் தரையில் ஸ்டிக்கை நிமிர்த்திக்கொண்டு நின்று கால்களைச் சேர்த்துத் தடுத்துப் பழகிய எங்கள் பின்வரிசைக்கு இது பெரிய பொறி. ஸ்டிக்கைத் தரையோடு தாழ்த்தி, கால்களைப் பந்தின் கோட்டிலிருந்து விலக்கி, வட்டத்துக்கு வெளியிலேயே ஆளை வெளிப்பக்கம் ஓட்டிவிடப் பழக வேண்டும். பச்சை அட்டை கூடியதும் இதே வேரிலிருந்து வந்திருக்கலாம், பிந்திப்போய்க் கால் மாறி நிற்பவர்தான் ஆளைப் பிடித்து இழுப்பார், ஸ்டிக்கில் அடிப்பார். எங்கள் பின்கோட்டிலிருந்து 23 மீற்றர் வரையான பகுதிக்குள் வேண்டுமென்று தவறு செய்தால், வட்டத்துக்கு வெளியே என்றாலும் கோர்னர்தான் என்பதைப் பிள்ளைகளுக்கு மறுபடி சொல்லுங்கள். பல பேருக்கு இது தெரியாமலே விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கோல் கீப்பருக்கு வருகிறேன். அவரில் பிழையே இருக்காது என்று நான் வாதாட வரவில்லை. இரண்டு இடத்தில் அவர் பங்கு இருக்கக்கூடும், இரண்டுமே ஊகம்தான். ஒன்று குரல். கோர்னருக்கு முன் ஐந்து பேரும் வாசலில் குனிந்து நிற்கும்போது யார் எதை அடைப்பது என்று சொல்ல வேண்டியவர் அவர். ரன்னர் ஒரு பக்கத்தை மறைத்தால் மறுபக்கம் தன்னுடையது என்று இருவருக்கும் ஒப்பந்தம் இருக்க வேண்டும். முன்பு நின்றவரும் கட்டாருக்குப் போனவரும் சில வருஷம் சேர்ந்து ஆடியவர்களாக இருந்திருப்பார்கள், கண்ணாலேயே பேசியிருப்பார்கள். இப்போது இருவருமே புதிது. தன்னைவிட ஆறேழு வயது மூத்த ஃபுல் பேக்கைப் பார்த்து “அண்ணே, கம்பத்தை விடாதீங்கோ” என்று கத்த 19 வயதுப் பொடியனுக்குக் கூச்சமாக இருக்கும். எங்கள் ஊரில் மரியாதை அப்படி. அந்தக் கூச்சத்தை உடைக்க வேண்டியது மூத்தவர்கள்தான், “நீ சொல், நாங்கள் கேட்கிறோம்” என்று அவர்கள் வாயால் வர வேண்டும். மற்றது பாட். பழைய பாட்டில் பந்து பட்டால் செத்து விழும். புதிய கட்டி நுரை பாட் பந்தைத் தூரத் தெறிக்கவிடும். இந்த வருஷம் பாட் மாற்றியிருந்தால் தெறிக்கிற பந்து முன்பு விழுந்த இடத்தில் விழாது, இரண்டாவதாக ஓடுகிறவர் பழைய இடத்திலேயே காத்துக்கொண்டு நிற்பார். 7 கோலில் எத்தனை நேரடி ஷொட், எத்தனை தெறித்து வந்த பந்து என்று யாராவது கையடக்கத் தொலைபேசியில் எடுத்த வீடியோவைப் போட்டு எண்ணுங்கள். தெறித்தவை மூன்று நான்கு என்றால், அந்தப் பந்தைத் துப்புரவாக்க வேண்டியவர்கள் மற்ற நால்வர்.

செய்ய வேண்டியது என்று கேட்டால், அடுத்த நான்கு கிழமைக்கு ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசி அரை மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்குங்கள். முதல் கிழமை டெனிஸ் பந்து. ரன்னர் டெனிஸ் பந்தை நோக்கி ஓடட்டும், உடம்பில் படட்டும், படுவது பழகட்டும். கட்டிப் பந்தை முழுக் கவசத்தோடு மட்டும் எடுங்கள், அதுவும் பாதி வேகத்தில் தொடங்குங்கள். ஒரே ஆளை ஓடவிடாமல் இருவரை மாறி மாறி ஓடவிடுங்கள், ஒருவர் அட்டை வாங்கினாலோ காயப்பட்டாலோ மற்றவர் தயாராக இருக்க வேண்டும். கொழும்புக்குப் போவதற்கு முன் எங்காவது வழுவழுப்பான சீமெந்துத் தளம் கிடைத்தால், கோல் கீப்பரை அங்கே கொண்டுபோய் உயரமான பந்துகளுக்கு நின்றபடியே கை வைக்கப் பழக்குங்கள். அதில் படுக்கவிடாதீர்கள், தோலுரியும். செயற்கைப் புல்லுக்கு அது ஈடாகாது, ஆனால் பந்து நேராக வருகிற வேகத்துக்காவது கண் பழகும். ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போய் அங்கேயே பத்துக் கோர்னராவது எடுத்துப் பாருங்கள். படுப்பதா நிற்பதா என்பதை எதிரணியின் ஃப்ளிக்கரை வைத்து முடிவெடுங்கள், எப்போதும் படுக்க வேண்டும் என்ற பழைய சட்டத்தை விட்டுவிடுங்கள்.

ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு கோர்னருக்கும் ஒரு வரி எழுதத் தொடங்குங்கள்: எந்தத் தரை, அடியா ஃப்ளிக்கா, பந்து சரியாக நின்றதா, ஷொட் கிளம்பியபோது ரன்னர் எத்தனை மீற்றரில் இருந்தார், நேரடிக் கோலா தெறித்ததா. மைதானத்துக்கு வெளியே கோல் கோட்டுக்கு நேரே நிற்கிற ஒருவர் ரன்னரின் இடத்தைக் கண்ணளவில் சொன்னால் போதும். கட்டாரில் இருக்கும் தம்பியோடு ஒருநாள் தொலைபேசியில் கதையுங்கள். பந்து தள்ளுபவரின் தோளைப் பார்த்து ஓடத் தொடங்கினாரா, கையைப் பார்த்தா, எந்தப் பக்கத்தை அடைத்தார் என்று புதிய ரன்னரும் கோல் கீப்பரும் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். அந்தக் கொப்பியில் இன்னும் ஒரு இருபது வரி சேர்ந்த பிறகு, ரன்னர் 3, 4 மீற்றர் வரை வந்து சேர்ந்த கோர்னர்களிலும் பந்து நேரடியாக உள்ளே போய்க்கொண்டிருந்தால் எழுதுங்கள். அப்போது கோல் கீப்பரின் கால்களைப் பற்றிக் கதைப்போம்.